தோற்றம் குணத்தை மாத்துமா? மாணவத் தலைவர் தெரிவை முன்வைத்து ஒரு கேள்வி

மடத்தடியான் எழுதியது:

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில ஒரு பாடசாலையில கனிஷ்ட மாணவத் தலைவர் தெரிவு வரப்போகுது. தரம் 9, 10 பிள்ளையள். மூண்டு ஆசிரியர்கள் நேர்முகம் செய்வினம், ஒரு பிள்ளைக்கு அஞ்சு நிமிசம். சின்னம் சூட்டும் நாளில எடுக்கிற படங்களை வரிசையா வைச்சுப் பாத்தால் எல்லா வருசமும் ஒரே மாதிரித்தான். பெடியள் எண்டால் நெடிய ஆக்கள். பெட்டையள் எண்டால் நிறமா, எடுப்பா இருக்கிற ஆக்கள். ஏன் எண்டு கேட்டால், "அவைக்குத்தானே தன்னம்பிக்கை இருக்கு, கதைக்கத் தெரியுது" எண்டு பதில் வரும். அது பொய்யும் இல்லை. அந்தப் பிள்ளையள் உண்மையாவே நல்லாக் கதைக்கினம்.

எனக்கு விளங்காத இடம் இதுதான். வடிவும் உயரமும் ஒரு பிள்ளையின்ர குணத்தை உண்மையாவே உருவாக்குதா? இல்லாட்டி எங்கட கண்தான் அப்பிடிப் பாக்குதா? உருவாக்குது எண்டால் எந்த வழியால, எந்த வயசில, எவ்வளவுக்கு? "அகத்தின் அழகு முகத்தில்", "கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே" மாதிரிப் பழமொழி வேண்டாம். விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


உவர்மலைக் காற்று எழுதியது:

அண்ணா, இரண்டும் நடக்கிறது. முதலில் எங்கள் கண் ஒரு மாதிரிப் பார்க்கிறது. பிறகு அந்தப் பார்வைக்கு ஏற்றபடி பிள்ளை மாறத் தொடங்குகிறது. முகமோ உயரமோ தானாகப் போய் ஒருவருக்குப் பொறுமையையோ நேர்மையையோ கொடுப்பதில்லை. ஆனால் ஆக்களோடு பழகும் துணிவு அப்படியில்லை. அது பழகப் பழகத்தான் வரும், பழகுவதற்கு யாருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது என்பதில் தோற்றம் கை வைக்கிறது.

இதை நன்றாகப் பிடித்துக் காட்டியது 1977இல் மார்க் ஸ்னைடரும் இரண்டு கூட்டாளிகளும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் செய்த பரிசோதனை. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், ஒருவரை ஒருவர் பாராமல், தொலைபேசியில் பத்து நிமிடம் கதைக்க வேண்டும். ஆணின் கையில் மட்டும் "நீர் கதைக்கப் போகிறவர் இவர்தான்" என்று ஒரு படம் கொடுபடும். சிலருக்கு வடிவான முகம், சிலருக்கு அப்படியில்லாத முகம். படத்தில் இருந்தவர் மறுமுனையில் கதைத்த பெண்ணே இல்லை. அந்தப் பெண்ணுக்குப் படம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. பிறகு பெண்ணின் குரலை மட்டும் பிரித்தெடுத்து, எதுவுமே தெரியாத வேறு ஆட்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். வடிவானவள் என்று நம்பப்பட்ட பெண்கள் கூடுதல் கலகலப்பாகவும் இளக்கமாகவும் கதைத்ததாக அவர்கள் புள்ளி போட்டார்கள். மறுமுனையில் இருந்தவன் கதைத்த விதம், பத்தே நிமிடத்தில், இவளுடைய "குணத்தை" மாற்றிவிட்டது. பத்து நிமிடத்தில் இது நடந்தால், தரம் 1 இலிருந்து தரம் 10 வரை என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் நேர்முகத்துக்கு இன்னும் கிட்டவான ஆய்வு 1974இல் வந்தது. கார்ல் வேர்ட், மார்க் ஸன்னா, ஜோயல் கூப்பர் ஆகிய மூவருடையது. வெள்ளையின நேர்முகம் செய்பவர்கள் கறுப்பின விண்ணப்பதாரிகளுக்கு முன்னால் தள்ளி இருந்தார்கள், கெதியாக முடித்தார்கள், தாங்களே சொல் தடுமாறினார்கள். பிறகு கேள்வி கேட்பவர்களைப் பழக்கி, அதே தள்ளி இருக்கும் பாணியில் வெள்ளையின விண்ணப்பதாரிகளை நடத்த வைத்தார்கள். அவர்களும் பதட்டப்பட்டுச் சொதப்பினார்கள். "இவருக்குக் கதைக்கத் தெரியாது" என்ற முடிவை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தவரே உண்டாக்கியிருக்கிறார்.

அளவு எவ்வளவு என்றும் கேட்டீர்கள். அலன் ஃபைன்கோல்ட் 1992இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார். பார்ப்பவர்கள் வடிவானவர்களைப் பற்றி நினைப்பது பெரிது. உண்மையான குணப் பரிசோதனையில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறிது. கொஞ்சமாவது தெரிந்த இடங்கள் ஆக்களோடு பழகும் திறன், கூச்சம் குறைவு, கூட்டாளிகள் கூட என்பவை. அறிவிலும் மனநலத்திலும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அடுத்தது வயது. இதில்தான் பாடசாலைகள் சறுக்குகின்றன. பெண்பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் சராசரியாக 12 வயதை ஒட்டி வரும். பெடியன்களுக்கு அது 14 வயதை ஒட்டி, உச்சத்தில் வருடத்துக்கு 9, 10 சென்ரிமீற்றர் வரை. பருவம் தொடங்கும் வயதோ பெடியன்களில் 9இலிருந்து 14 வரை எங்கேயும் இருக்கலாம், எல்லாம் இயல்புதான். ஆகவே தரம் 9 வகுப்பில் ஒரே வாங்கில் மீசை அரும்பியவனும் இன்னும் குழந்தை உடம்போடு இருப்பவனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். நீங்கள் தலைவரைத் தெரிவது சரியாக அந்த நேரத்தில்.

கலிபோர்னியாவில் மேரி கவர் ஜோன்ஸும் நான்சி பெய்லியும் 1950இல் எழுதியதும் இதைப் பற்றித்தான். முந்திப் பருவமடைந்த பெடியன்கள் நிதானமானவர்களாகவும், பிந்தியவர்கள் பரபரப்பும் கவனம் ஈர்க்கும் தன்மையும் உள்ளவர்களாகவும் மதிப்பிடப்பட்டார்கள். 1957இல் ஜோன்ஸ் அதே ஆட்களை முப்பது தாண்டிய வயதில் பார்த்தபோது உடம்பு வித்தியாசம் மறைந்துவிட்டது. குண வித்தியாசத்தில் கொஞ்சம் அப்படியே மிஞ்சியிருந்தது. உடம்பு எட்டிப் பிடித்துவிட்டது, பழகிய பழக்கம் போகவில்லை.

பெண்பிள்ளைகளில் பாருங்கள், எல்லாம் தலைகீழ். முந்திப் பருவமடையும் பிள்ளைக்குத்தான் கூடுதல் மனக் கஷ்டம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. ஊர்க்கண் அவள் மேல் விழுகிறது, "இனி அங்க போகாத, இஞ்ச நில்" என்று வீட்டுக் கட்டுப்பாடு கூடுகிறது. உடம்பில் நடப்பது ஒன்றுதான், பலன் மட்டும் எதிர். உடம்பே குணத்தைச் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அல்லவா வரவேண்டும்?

எங்கள் ஊர் உதாரணம் ஒன்று. "வெயிலில நிண்டு கறுத்துப் போவாய்" என்று சொல்லி வலைப்பந்துப் பயிற்சிக்கு விடாத வீடுகள் எத்தனை? மெக்கெய்சர் மைதானத்தில் பின்னேரம் நாலு மணி வெயிலுக்குப் பயந்து நிறுத்தப்பட்ட பிள்ளைக்கு அணி இல்லை. அணி இல்லாவிட்டால் தோற்றுப் பழகவோ, கத்திக் கூப்பிட்டுப் பந்து வாங்கவோ, சண்டை பிடித்துச் சமாதானம் ஆகவோ இடமில்லை. மூன்று வருடம் கழித்து, "அந்தப் பிள்ளை இயல்பிலேயே கூச்ச சுபாவம்" என்று அறிக்கையில் எழுதுவோம்.


பழைய பஸ் நிலையம் எழுதியது:

உவர்மலைக் காற்று எல்லாத்தையும் மற்றவை மேல போட்டிட்டார். நான் ஒத்துக்கொள்ள மாட்டன். முன்னோர் சாமுத்திரிகா லட்சணம் எண்டு சும்மாவா எழுதி வைச்சவை? அதை விடுவம், நவீன ஆராய்ச்சியே சொல்லுது. உளவியலாளர் அலெக்சாண்டர் ரொடரோவ் 2005இல காட்டினது: அமெரிக்க செனற் தேர்தல் வேட்பாளர்களின்ர முகத்தை மட்டும் காட்டி "ஆர் திறமையான ஆள்" எண்டு கேட்டால், ஏறக்குறைய 70 வீதமான போட்டிகளில வெண்ட ஆளையே சனம் காட்டிச்சுது. 2006இல வந்த ஆய்வில ஒரு செக்கனில பத்தில ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டினாலே போதும், ஆக்கள் எடுக்கிற முடிவு ஆறுதலாப் பாத்து எடுத்த முடிவோட ஒத்துப்போகுது. இவ்வளவு பேர் ஒரே மாதிரி வாசிக்கினம் எண்டால் முகத்தில ஏதோ எழுதியிருக்கத்தானே வேணும்? குணத்தில பாதியளவு பரம்பரை எண்டும் ஆராய்ச்சிக்காரர் சொல்லுகினம். முகமும் பரம்பரைதான். ரெண்டும் ஒரே இடத்தில இருந்து வரக்கூடாதா?


உவர்மலைக் காற்று எழுதியது:

ஐயா, ஆய்வு இரண்டும் சரி. நீங்கள் எடுத்த முடிவில்தான் சிக்கல். எல்லாரும் ஒரே மாதிரி வாசிக்கிறார்கள் என்பது வேறு, சரியாக வாசிக்கிறார்கள் என்பது வேறு. முகத்தைப் பார்த்துச் சனம் வாக்களித்தது என்றுதான் ரொடரோவின் 70 வீதம் காட்டுகிறது. வென்றவர் உண்மையாகவே திறமையாக வேலை செய்தாரா என்று அதில் அளக்கவே இல்லை.

முகமும் குணமும் ஒரே மரபணுவால் வருமா என்ற கேள்வி நல்ல கேள்வி. அதை நேரடியாகவே சோதித்தார்கள். கனடாப் புகைப்படக்காரர் பிரான்சுவா புரூனெல், உறவே இல்லாமல் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் ஆட்களைத் தேடித் தேடிப் படம் எடுத்தவர். இரட்டையர் ஆய்வாளர் நான்சி சீகல் அவர்களில் 23 சோடிகளைப் பிடித்துக் குணப் பரிசோதனை செய்து 2013இல் வெளியிட்டார். முகம் அச்சொட்டு, குண ஒற்றுமை ஏறக்குறையப் பூச்சியம். வேறு வேறு வீட்டில் வளர்ந்த ஒரே கரு இரட்டையர்களில் அந்த ஒற்றுமை (0 என்றால் ஒன்றுமில்லை, 1 என்றால் அச்சொட்டு) 0.5 அளவில் வரும். அதாவது பரம்பரை இருக்கிறது, ஆனால் முகத்தின் வழியாக இல்லை. ஒரு விசயம் கவனியுங்கள், இந்த முடிவு எனக்கும் இடிக்கிறது. ஒரே முகத்தை ஊர் ஒரே மாதிரி நடத்தியிருந்தால் கொஞ்சமாவது ஒற்றுமை வந்திருக்க வேண்டும். வரவில்லை. 23 சோடி சிறிய தொகைதான், என்றாலும் தோற்றத்தின் பங்கு நாங்கள் நினைப்பதைவிடச் சிறிது என்றே நான் எடுக்கிறேன்.

லட்சணம் பார்க்கும் வேலையை ஐரோப்பாவும் செய்து கை சுட்டுக்கொண்டது. சுவிஸ் போதகர் லவாற்றர் 1770களில் மூக்கையும் நெற்றியையும் வைத்துக் குணம் சொன்னார். அதை நம்பிய பீகிள் கப்பல் தலைவர் ஃபிற்ஸ்ரோய், 1831இல் சார்ள்ஸ் டார்வினின் மூக்கைப் பார்த்து, இந்த மூக்குக்காரனுக்குப் பயணத்துக்கு வேண்டிய ஊக்கம் இருக்குமா என்று தயங்கினார். டார்வினே தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியது இது. 1876இல் இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ குற்றவாளிக்குப் பிறவியிலேயே தனி முகம் உண்டு என்றார். சிறைச்சாலை மருத்துவர் சார்ள்ஸ் கோரிங் ஆங்கிலேயக் கைதிகள் ஏறத்தாழ 3,000 பேரை அளந்து, அப்படி ஒரு முகமே இல்லை என்று 1913இல் வெளியிட்டார்.

குள்ளன் பழமொழி வேண்டாம் என்று மடத்தடி அண்ணா சொன்னாலும் அதற்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்தின் வெசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு, 1980களில் பாடசாலை சேரும்போதே மிகக் குள்ளமாக இருந்த பிள்ளைகளை எடுத்து, வளர்ந்து ஆளாகும் வரை பின்தொடர்ந்தது. 2004இல் வந்த முடிவு, உயரத்துக்கும் குணத்துக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. நெப்போலியன்கூடக் குள்ளன் இல்லை, ஏறக்குறைய 168 சென்ரிமீற்றர், அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரருக்கு நடுத்தரம்.

உங்களுக்கு ஒரு பகுதியை விட்டுத் தருகிறேன். முகத்தின் எலும்பை விட்டுவிட்டு, நிற்கும் விதம், உடுப்பு, சிரிப்பு எல்லாம் சேர்ந்த முழுப் படத்தைப் பார்த்தால், ஒருவர் கலகலப்பானவரா இல்லையா என்று ஓரளவு சரியாகச் சொல்லலாம். அது பிறப்பு இல்லை, பழக்கம்.


நிலாவெளி நேர்ஸ் எழுதியது:

ஒருத்தரும் தொடாத ஒரு வழி இருக்குது. தோற்றமும் நடத்தையும் ஒண்டை ஒண்டு உண்டாக்காமல், ரெண்டையும் வேற ஒரு காரணம் உண்டாக்கிறது. வகுப்பில இதைத்தான் அடிக்கடி பிழையா விளங்கிக்கொள்ளுகினம்.

எந்த நேரமும் வாய் திறந்தபடி, கண்ணுக்குக் கீழ கருவளையத்தோட, முகம் கொஞ்சம் நீண்டு, மேல் பல்லு முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பாத்திருப்பீங்கள். கூப்பிட்டால் ரெண்டாம் தரம்தான் திரும்பும். "மந்தம்" எண்டு பேர் வைச்சிடுவினம். மூக்குக்குப் பின்னால இருக்கிற அடினொயிட் எண்ட இழையம் வீங்கினால் இது எல்லாமே வரும். மூக்கால சுவாசிக்க ஏலாது, அதால வாய் திறந்திருக்கும். இரவில குறட்டை, நித்திரை குழம்பும், பகலில கவனம் நிக்காது. அதே வீக்கம் காதுக்குப் போற குழாயையும் அடைக்கும், நடுக்காதில சளி மாதிரி நீர் தேங்கிக் கேள்வி குறையும். அதாலதான் கூப்பிட்டது கேக்கேல்லை. ரீச்சர்மார் செய்ய வேண்டியது சின்ன வேலை: பின்னால நிண்டு மெதுவாப் பேரைக் கூப்பிட்டுப் பாருங்கோ, வீட்டில குறட்டை இருக்கோ எண்டு கேளுங்கோ. ரெண்டும் பொருந்தினால் காது மூக்குத் தொண்டைக் கிளினிக்குக்கு அனுப்புங்கோ. வயசு ஏற ஏற அடினொயிட் தானாச் சுருங்கும், ஆனால் அதுக்குள்ள பேர் நிலைச்சிடும்.

இதே மாதிரித்தான் தூரப்பார்வை மங்கின பிள்ளை வீதியில கண்டும் சிரிக்காது, "பெருமை பிடிச்சது" ஆகும். தைரொயிட் குறைஞ்ச பிள்ளை முகம் ஊதி, உடம்பு வைச்சு, சோம்பேறி எண்டு பேர் எடுக்கும். முகத் தசை இயங்காத நோயுள்ள ஆக்களை, சிரிக்க ஏலாததால, சந்தோசமில்லாத ஆக்கள் எண்டு மற்றவை பிழையா மதிப்பிடுகினம். கத்லீன் போகார்ட் எண்ட ஆய்வாளர் இதைக் காட்டினவர். அவருக்கே அந்த நிலை இருக்குது. அப்பிடியான ஆக்கள் குரலாலயும் கையாலயும் ஈடுசெய்யப் பழகினால் மற்றவையின்ர மதிப்பீடும் மாறுது.

உயரத்துக்கும் ஒரு சொல். உயரமான ஆக்களுக்குச் சம்பளம் கூட எண்டு கேள்விப்பட்டிருப்பீங்கள். பொருளியலாளர் பெர்சிகோவும் கூட்டாளிகளும் 2004இல, 16 வயசில இருந்த உயரம்தான் முக்கியம், அந்த வயசில கழகம், விளையாட்டு எண்டு சேர்ந்து பழகினதும் அதில ஒரு பங்கு எண்டினம். ஆன் கேஸும் கிறிஸ்ரினா பக்ஸனும் 2008இல மறுத்தவை: பாடசாலை தொடங்க முன்னமே, 3 வயசிலயே உயரமான பிள்ளையள் சோதனையில கூடப் புள்ளி எடுக்குதுகள். கருவில இருந்து ரெண்டு வயசு வரையான போசாக்கு, உயரத்தையும் மூளையையும் சேர்த்தே வளர்க்குது. குடும்பநல உத்தியோகத்தர் மாதாமாதம் நிறுக்கேக்க அந்த வளர்ச்சிக் கோட்டைத் தட்டிக்கழிக்காதேங்கோ எண்டு நாங்கள் கத்திறது இதுக்குத்தான்.

கடைசியா வெள்ளையாக்கிற கிறீம். பான்சிக் கடையிலயும் போனிலயும் விக்கிற, உள்ளடக்கம் எழுதாத சின்ன டப்பாவைத்தான் சொல்லுறன். சிலதில பாதரசம். சருமப் பூச்சில பாதரசம் பத்து லட்சத்தில ஒரு பங்குக்கு மேல இருக்கக்கூடாது எண்டிறதுதான் பல நாடுகள் வைச்சிருக்கிற எல்லை. "நகையில படாமல் பூசவும்" எண்டு எழுதியிருந்தாலும், வெளிச்சம் பட்டுக் கிறீம் சாம்பல் நிறமானாலும் சந்தேகப்படுங்கோ. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோட பதட்டம், எரிச்சல், மனச்சோர்வு, கை நடுக்கம் எல்லாம் வரும். தோற்றத்தை மாத்தப் போய்ச் சுபாவம் உண்மையாவே மாறுற இடம் இதுதான், அதுவும் நஞ்சால. துவாயால, கட்டிப்பிடிக்கிறதால வீட்டில இருக்கிற குழந்தைக்கும் போகும். வேற சிலதில பலமான ஸ்ரெரொயிட். முதல் சில கிழமை முகம் வெளுத்துப் பளபளக்கும். பிறகு தோல் மெலிஞ்சு, சிவப்பு நரம்பு தெரிஞ்சு, பரு கொட்டும், முடி முளைக்கும். கனகாலம் பூசினதைச் சடாரெண்டு விட்டால் முகம் எரிஞ்சு சிவக்கும். அதுக்குப் பயந்து திரும்பவும் பூசுவினம். தோல் வைத்தியரிட்டக் காட்டிப் படிப்படியாக் குறைக்க வேணும். டப்பாவையும் கையோட கொண்டுபோங்கோ.


மடத்தடியான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அப்ப பிழை நேர்முக மேசையிலயும் இருக்கு, அதுக்கு மூண்டு நாலு வருசம் முந்தியும் இருக்கு எண்டு விளங்குது. தெரிவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இந்த முறை என்ன மாத்தலாம்? வகுப்பறை அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.


பாலையூற்று ரீச்சர் எழுதியது:

தம்பி, முதல் வேலை நேர்முகத்துக்கு முந்தியே. 100 புள்ளியில 50ஐப் பதிவேட்டில இருந்து போடுங்கோ: வரவு, நேரத்துக்கு வாறது, முந்திச் செய்த பொறுப்பு, மூண்டு பாட ஆசிரியரின்ர எழுத்துக் குறிப்பு. குறிப்பு எண்டால் "நல்ல பிள்ளை" எண்டு ஒரு வரி இல்லை. "என்ன செய்ததைக் கண்டீங்கள்" எண்டு கேட்டு எழுதுவியுங்கோ. அந்தப் புள்ளியை உறையில போட்டு ஒட்டின பிறகுதான் நேர்முகம்.

நேர்முகத்துக்கு அஞ்சு நிமிசம் காணாது. அஞ்சு நிமிசத்தில தெரியிறது உடம்பும் சிரிப்பும் மட்டும்தான். எட்டு நிமிசம் எண்டு வையுங்கோ. 30 பிள்ளை எண்டால் நாலு மணித்தியாலம், ரெண்டு நாளாப் பிரியுங்கோ. பத்துப் பதினைஞ்சு பிள்ளைக்குப் பிறகு நடுவர் களைச்சு, முதல் பார்வையிலயே முடிவெடுக்கத் தொடங்குவினம்.

நாலு கேள்வி, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே வரிசை. "தலைவருக்கு வேண்டிய பண்பு என்ன" எண்டு கேட்டால் பாடமாக்கின பேச்சுத்தான் வரும். "கன்ரீன் வரிசையில உம்மட சிநேகிதன் தரம் 6 பிள்ளையைத் தள்ளிப்போட்டு முன்னுக்குப் போறான். நீர் என்ன செய்வீர், அவன் கேக்காட்டி?" இப்பிடிக் கேளுங்கோ. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு பொறுங்கோ. ஆசிரியர்கள் சராசரியா ஒரு செக்கன்தான் பொறுக்கினம், மூண்டு செக்கனுக்கு மேல பொறுத்தால் பதில் நீளுது, வாய் திறக்காத பிள்ளையும் திறக்குது எண்டு மேரி பட் ரோ 1970களிலயே காட்டினவர். எடுப்பான பிள்ளைக்கு நாங்கள் தன்னாலயே பொறுப்பம், தலையாட்டுவம், "சொல்லும் தம்பி" எண்டுவம். மற்றப் பிள்ளைக்குப் பாதியில "சரி சரி, அடுத்த கேள்வி". அதால மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்கோ, எல்லாருக்கும்.

ஒவ்வொரு பதிலுக்கும் உடனுக்குடன் 0 இலிருந்து 5 வரை புள்ளி. மொத்த அபிப்பிராயத்துக்கு எண்டு தனிப் பெட்டி வைக்காதேங்கோ, அழகு குந்துறது அந்தப் பெட்டியிலதான். எட்வர்ட் தோண்டைக் 1920இல படை அதிகாரிகள் போட்ட புள்ளியைப் பாத்துக் கண்டது இது: உடல்வாகுக்குக் கூடப் போட்டவைக்கு அறிவுக்கும் தலைமைக்கும் ஒழுக்கத்துக்கும் கூடப் போட்டிருந்தினம். எல்லாப் பிள்ளையும் முடியும் வரை நடுவர்கள் தங்களுக்குள்ள கதைக்கக்கூடாது. அதிபரும் இருந்தால் அவர் கடைசியாத்தான் வாய் திறக்க வேணும். அவர் "கெட்டிக்காரன் என்ன" எண்டால் மற்ற ரெண்டு பேனையும் அந்தப் பக்கம் சாயும்.

கதிரையையும் பாருங்கோ. பெரிய ஆக்களின்ர கதிரையில காலெட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிற பெடியனால நிமிந்து கதைக்க ஏலாது. பிள்ளை வந்து இருந்த பிறகு நடுவர்கள் வந்து இருக்கலாம், உயரம் கண்ணில படாது. ஏலுமெண்டால் நாலாவது நடுவர் ஒராளை வைச்சு, ஒலிப்பதிவை மட்டும் கேட்டுப் புள்ளி போடச் சொல்லுங்கோ. அவரின்ர வரிசையில ஒரு பிள்ளை அஞ்சு இடத்துக்கு மேல ஏறினாலோ இறங்கினாலோ, அந்தப் பிள்ளையின்ர பதில்களை மட்டும் திருப்பிப் போட்டுக் கேளுங்கோ. குரலும் ஏமாத்தும், அதையும் மறக்காதேங்கோ. குரல் உடையாத பெடியன் கேக்கச் சின்னப் பிள்ளை மாதிரித்தான் இருப்பான்.

இனி நீங்கள் சொன்ன அந்த மூண்டு நாலு வருசம். தரம் 6இலயிருந்து வகுப்புத் தலைவர் பொறுப்பைக் கிழமைக்கு ஒராள் எண்டு சுத்த விடுங்கோ. 40 பிள்ளை, பாடசாலை வருசத்தில ஏறத்தாழ 40 கிழமை. ஆளுக்கு ஒரு கிழமை வரும். முதல் தவணையில வகுப்புக் கொஞ்சம் சத்தமாத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ரீச்சர் குறை சொல்லுவா. பொறுக்க வேணும். பொதுவா இது குழம்புறது எங்கயெண்டால், கூச்சப்பட்ட பிள்ளை "எனக்கு வேண்டாம் ரீச்சர்" எண்டு சொல்ல, நாங்களும் பாவம் எண்டு விடுறதில. விடாதேங்கோ, வேலையைச் சின்னதாக்கிக் குடுங்கோ: வரவு எடுக்கிறது, சோக்கட்டி கொண்டுவாறது.

பட்டம் தெளிக்கிற விசயத்தில ஒண்டு மட்டும். கறுவல், கட்டை, பல்லன், குண்டு எண்டு வகுப்பு கூப்பிடுறதை நிப்பாட்ட முதல், ஆசிரியர் ஓய்வறையில நாங்கள் அப்பிடி அடையாளம் சொல்லுறதை நிப்பாட்ட வேணும். வகுப்பில கேட்டால் அந்த இடத்திலயே ஒரு வசனம், "அவருக்குப் பேர் இருக்கு". அதோட பாடத்துக்குப் போங்கோ. பிரசங்கம் வைச்சால் பட்டம் வாங்கின பிள்ளைதான் கூடக் கூசும்.


கிண்ணியா வாசகன் எழுதியது:

சலாம் எல்லாருக்கும். ரெண்டு கேள்வி. முகத்தில எரிகாயத் தழும்பு உள்ள ஒரு பிள்ளை புதுசா வகுப்புக்கு வந்தால் அதுக்கு என்ன பழக்கிக் குடுக்கலாம்? மற்றது, ஒரு குறையும் இல்லாத பிள்ளை "என்ட மூக்கு வடிவில்லை" எண்டு மாஸ்க்கைக் கழட்டாமலே இருந்தால் அது வெறும் பருவக் கூச்சமா?


உவர்மலைக் காற்று எழுதியது:

முதல் கேள்விக்கு: தழும்பு பெரிதானால் மனத்துயரும் பெரிது என்று கணக்கில்லை. சின்னத் தழும்போடு உடைந்துபோனவர்களும் உண்டு, பெரிய தழும்போடு கலகலப்பாக இருப்பவர்களும் உண்டு. அந்நியர்கள் ஒதுங்குவது உண்மைதான். 1982இல் நிக்கோலா ரம்சியும் கூட்டாளிகளும் அளந்தபோது, முகத்தில் அடையாளம் உள்ளவரிடமிருந்து சனம் கூடத் தள்ளியே நின்றது. ஆனால் எதிர்பார்ப்பும் விளையாடும். 1980இல் க்ளெக், ஸ்ட்ரென்ரா இருவரும் ஆட்களின் முகத்தில் போலித் தழும்பு வரைந்து கண்ணாடியில் காட்டிவிட்டு, காய்ந்து வெடிக்காமல் ஒரு பூச்சுப் பூசுகிறோம் என்று சொல்லி அதைத் தெரியாமல் அழித்துவிட்டார்கள். தழும்பே இல்லாமல் போய்க் கதைத்தவர்கள், எதிரே இருந்தவர் தங்கள் தழும்பைப் பார்த்துச் சங்கடப்பட்டார் என்று திரும்பிவந்து சொன்னார்கள். இரண்டையும் பிள்ளைக்குப் பழக்க வேண்டும்: சனம் பார்க்கும், ஆனால் எல்லாப் பார்வையும் தழும்புக்கு இல்லை.

கையில் இருக்க வேண்டியது மூன்று படி. ஒரு வரியில் விளக்கு, ஒரு வரியில் ஆறுதல் சொல்லு, பேச்சைத் திருப்பு. "சின்னனில சுடுதண்ணி கொட்டினது. இப்ப நோகாது. நீங்கள் எந்த ரியூசனுக்குப் போறனீங்கள்?" இங்கிலாந்தில் முகத்தில் அடையாளம் உள்ளவர்களுக்காக ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் தொடங்கிய அமைப்பு இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறது. அவரே 18 வயதில் கார் தீப்பிடித்து முகம் எரிந்தவர். வீட்டில் இதைப் பத்துப் பதினைந்து தரம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மூன்றாவது படியை விட்டுவிட்டால் பேச்சுத் தழும்பிலேயே நின்றுவிடும், அதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. "வகுப்பில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லட்டுமா" என்று பிள்ளையைக் கேட்காமல் ஆசிரியர் அறிவிப்புச் செய்யவும் வேண்டாம்.

இரண்டாவது வேறு விசயம். கூச்சம் வந்து போகும். ஆனால் நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கண்ணாடி, போன் கமெரா, தோலைக் கிள்ளுவது, படத்தில் நிற்காமல் ஒளிப்பது, ரியூசனைத் தவிர்ப்பது, "வடிவில்லைத்தானே" என்று திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாம் சேர்ந்தால் அது உடல்தோற்ற மனநோயாக இருக்கலாம். ஏறக்குறைய நூறில் இரண்டு பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் பதின்ம வயதில்தான் தொடங்கும். "நீ வடிவுதானே" என்று ஆறுதல் சொல்வது பத்து நிமிடம் நிற்கும், பிறகு திரும்பக் கேட்க வைக்கும். மூக்கைத் திருத்தும் சத்திரசிகிச்சையும் பெரும்பாலும் தீர்க்காது, கவலை வேறு இடத்துக்குப் போகும். சிந்தனையையும் நடத்தையையும் சேர்த்துப் பழக்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து, இரண்டுக்கும் பலன் உண்டு. மருந்து வேலை செய்ய 12 கிழமைக்கு மேல் எடுக்கலாம், இடையில் விடக்கூடாது. மாவட்டப் பொது வைத்தியசாலை மனநலக் கிளினிக்கில் காட்டுங்கள். சாகிற கதை கதைத்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனிய விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற இலங்கைத் தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.


மடத்தடியான் எழுதியது:

ரீச்சர், எட்டு நிமிசத்துக்கும் கதிரைக்கும் மற்ற ஆசிரியர்கள் ஓமெண்டிட்டினம். ஒலிப்பதிவுக்குப் பெற்றோர் சம்மதம் வேணுமோ?


பாலையூற்று ரீச்சர் எழுதியது:

கட்டாயம் வேணும் தம்பி. விண்ணப்பப் படிவத்திலயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கோ: தெரிவுக்கு மட்டும் பாவிப்பம், முடிவு அறிவிச்சு மேன்முறையீட்டுக் காலம் முடிய அழிப்பம் எண்டு. ஆற்றையாவது சொந்தப் போனில பதியாதேங்கோ, பாடசாலைக் கருவியில பதியுங்கோ. கோப்புக்குப் பேர் வைக்காமல் சுட்டிலக்கம் மட்டும் போடுங்கோ. கேட்டுப் புள்ளி போடுறவர் அந்தப் பிள்ளையளுக்குப் படிப்பிக்காத ஆளா இருக்க வேணும், இல்லாட்டிக் குரலிலயே ஆர் எண்டு பிடிச்சிடுவார்.